இணையம் ஓடுகிறது, கணினி மட்டும் இல்லை என்கிறது

கேள்வியின் சாரம் இது: விண்டோஸ் கணினி. டாஸ்க்பாரில் வைஃபை ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் உலக உருண்டை நிற்கிறது, மவுஸைக் கொண்டுபோனால் ‘இணைய அணுகல் இல்லை’ என்கிறது. ஆனால் பிரவுசரில் எல்லாத் தளமும் திறக்கிறது, வீடியோகூட ஓடுகிறது. அவுட்லுக்கும் இன்னும் ஓரிரு செயலிகளும் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று, டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியாயிற்று. ஒன்றும் மாறவில்லை. என்ன செய்வது?

முதலில் ரவுட்டரையும் டிரைவரையும் விட்டுவிடுங்கள். வீடியோ ஓடுகிறது என்றால் கேபிள், வைஃபை, டிரைவர் மூன்றும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன என்று அர்த்தம். அந்த ஐகானை நாம் எல்லோரும் தப்பாகப் படிக்கிறோம். அது இணையத்தை அளந்து பார்த்துச் சொல்கிற மீட்டர் இல்லை. கணினி தனக்குத் தானே ஒரு சின்னப் பரீட்சை வைத்துக்கொள்கிறது. அதில் எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதைத்தான் ‘இணையம் இல்லை’ என்று மொழிபெயர்த்து நம்மிடம் சொல்கிறது. ஆகவே நாம் தேட வேண்டியது இணையத்தை அல்ல, அந்தப் பரீட்சையின் விடைத்தாளை நடுவில் யார் கிழிக்கிறார்கள் என்பதை.

பரீட்சை என்னவென்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே உள்ளே ஒரு பகுதி இதற்கென்று இருக்கிறது. நெட்வொர்க் கனெக்டிவிட்டி ஸ்டேட்டஸ் இண்டிகேட்டர் என்று பெயர், சுருக்கமாக என்சிஎஸ்ஐ. கணினி ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்ததும் இது மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரிக்குப் போய் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைக் கேட்கும். விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து அந்த ஃபைலுக்குப் பெயர் கனெக்ட்டெஸ்ட் டாட் டிஎக்ஸ்டி. அதற்குள் இருப்பது ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள், இடைவெளியையும் சேர்த்து 22 எழுத்து. அவ்வளவுதான். அந்த 22 எழுத்தும் பிசகாமல் வந்தால் இணையம் உண்டு. இது தவிர டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு, அதற்கான பரீட்சை ஒன்றும் உண்டு: மைக்ரோசாஃப்டின் குறிப்பிட்ட ஒரு பெயரைக் கேட்டால் 131.107.255.255 என்ற எண் விடையாக வர வேண்டும்.

கோடிக்கணக்கான தளங்கள் கொண்ட இணையம் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரே நிறுவனத்தின் ஒரே ஃபைலை வைத்து முடிவுசெய்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. விமான நிலையம், விடுதி போன்ற இடங்களில் வைஃபையில் சேர்ந்தவுடன் ஒரு லாகின் பக்கம் தானாகத் திறக்கிறதே, அது இந்தப் பரீட்சையின் புண்ணியம்தான். கணினி அந்த ஃபைலைக் கேட்கிறது. வைஃபைக்காரர் நடுவில் மறித்து அதற்குப் பதிலாகத் தன் லாகின் பக்கத்தை நீட்டுகிறார். ‘நான் கேட்டது இதுவல்லவே’ என்று கணினி புரிந்துகொண்டு பிரவுசரைத் திறக்கிறது. மறிப்பதற்கு வசதியாகத்தான் அந்த முகவரி இன்றைக்கும் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ்ஸாக இல்லாமல் பழைய எச்டிடிபியாகவே இருக்கிறது. மற்றவர்களும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியில் ‘204’ என்ற வெற்று விடையை எதிர்பார்க்கும், ஆப்பிள் கருவிகள் ‘சக்சஸ்’ என்ற ஒரு சொல் பக்கத்தை எதிர்பார்க்கும்.

சரி, பிரவுசர் ஏன் ஓடுகிறது, அவுட்லுக் ஏன் முரண்டு பிடிக்கிறது? பிரவுசர் இந்த ஐகானைக் கண்டுகொள்வதே இல்லை. அது நேராகப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும். அவுட்லுக் போன்ற செயலிகள் கிளம்புவதற்கு முன்னால் விண்டோஸிடம் ‘வெளியே வழி இருக்கிறதா?’ என்று கேட்கின்றன. விண்டோஸ் இல்லை என்றால் அவை தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை ‘வெறும் ஐகான்தானே, கிடக்கட்டும்’ என்று விட முடிவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை: கணினியை வீட்டு வைஃபையிலிருந்து எடுத்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஐகான் சரியாகிவிட்டால் குற்றவாளி உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறார். ஹாட்ஸ்பாட்டிலும் அதே உருண்டை என்றால் குற்றவாளி கணினிக்குள்ளேயே இருக்கிறார். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் டிரைவரை நோண்டுவதில்தான் பலருடைய ஒரு முழு மாலையும் போகிறது.

அடுத்து, பரீட்சையை நாமே கையால் எழுதிப் பார்ப்போம். கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து கர்ல் என்ற கட்டளையைக் கொடுங்கள். சி, யு, ஆர், எல் என்ற நான்கு எழுத்து. 2018க்குப் பிந்தைய விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் இது கூடவே வருகிறது. ஒரு இடைவெளி விட்டு, எச்டிடிபி என்று தொடங்கும் முகவரி: மூன்று டபிள்யூ, ஒரு புள்ளி, பிறகு எம், எஸ், எஃப், டி என்ற எழுத்துகளோடு கனெக்ட்டெஸ்ட் என்பதை ஒட்டி எழுதி டாட் காம், ஒரு சாய்கோடு, கனெக்ட்டெஸ்ட் டாட் டிஎக்ஸ்டி. பவர்ஷெல்லில் இதைச் செய்ய வேண்டாம்; விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் கர்ல் என்ற பெயருக்குப் பின்னால் வேறொரு கட்டளை ஒளிந்திருக்கிறது. பிரவுசரிலேயே போட்டுப் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம், ஆனால் நான் நம்ப மாட்டேன். பிரவுசருக்கென்று தனி ப்ராக்ஸி (நடுவில் நின்று நமக்காகத் தளங்களைக் கேட்டுத் தரும் சர்வர்), தனி டிஎன்எஸ், நீட்டிப்புகள் எல்லாம் இருக்கும். நமக்கு வேண்டியது பிரவுசருக்கு என்ன கிடைக்கிறது என்பதல்ல.

என்ன விடை வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

அந்தத் தளத்தின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றோ, அதோடு இணைக்க முடியவில்லை என்றோ பிழை வந்தால் டிஎன்எஸ் பக்கம் திரும்புங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. என்எஸ்லுக்அப் என்ற கட்டளை நேராக டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கும். கணினிக்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை, அதாவது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று நாமே எழுதிவைக்கக்கூடிய பட்டியலை, அது பார்க்காது. பிங் கட்டளையோ ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் சேர்த்துப் பார்க்கும். ஒரே பெயரை இரண்டிலும் கொடுங்கள். என்எஸ்லுக்அப் நல்ல எண்ணைத் தந்து, பிங் மட்டும் 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று காட்டினால், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பிங்குக்குப் பதில் வரவேண்டும் என்பது முக்கியமல்ல, எந்த எண்ணைத் தேடிப் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். பல சர்வர்கள் பிங்கைக் கண்டுகொள்வதே இல்லை.

‘யாரோ’ என்று சொன்னேன். என் விஷயத்தில் அந்த யாரோ நானேதான். விண்டோஸ் வேவு பார்க்கிறது என்ற கோபத்தில் ஒரு நாள் ஏதோ ஒரு பிரைவசி டூலை இறக்கி, இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு ஓட்டினேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன், உருண்டை ஐகான். நடுவில் அந்த டூலையே மறந்துவிட்டேன். கேபிள் மாற்றினேன், டிரைவர் மாற்றினேன், ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து எல்லோருடைய திட்டையும் வாங்கினேன். கடைசியில் பார்த்தால், மைக்ரோசாஃப்டின் பெயர்கள் நூற்றுக்கும் மேல் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 0.0.0.0 என்று வரிசையாகக் கட்டிப்போடப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு இந்தப் பரீட்சைக்கான பெயர்கள். அந்த இரண்டு வரியை அழித்து வைஃபையை அணைத்துப் போட்டதும் ஐகான் திரும்பி வந்துவிட்டது. மற்ற நூறு வரி இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

அந்த ஃபைல் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற ஃபோல்டரில் இருக்கிறது. பெயர் ஹோஸ்ட்ஸ், பின்னால் டிஎக்ஸ்டி போன்ற வால் எதுவும் கிடையாது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதன் வழியாக ஃபைலைத் திறந்தால்தான் சேமிக்க விடும். முன்பக்கம் # குறியுள்ள வரிகள் வெறும் குறிப்புகள். அவற்றைத் தொட வேண்டாம்.

பிங், என்எஸ்லுக்அப் இரண்டுமே 0.0.0.0 போன்ற வெற்று எண்ணைத் தந்தால் தடுப்பு கணினியில் இல்லை, டிஎன்எஸ் சர்வரில் இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க வீட்டில் பை-ஹோல் மாதிரி ஏதாவது வைத்திருந்தாலோ, ரவுட்டரில் விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் போட்டிருந்தாலோ, அதன் கறுப்புப் பட்டியலில் இந்தப் பெயர்களும் மாட்டியிருக்கும். வீட்டிலுள்ள எல்லா விண்டோஸ் கணினியும் ஒரே நாளில் ‘இணையம் இல்லை’ என்று பாடத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், இதுதான். அந்தப் பெயர்களை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. உறுதிசெய்ய வேண்டுமானால் கணினியின் டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சர்வருக்கு மாற்றிப் பாருங்கள்.

டிஎன்எஸ் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது கொஞ்சம் தலைகீழான கதை. இப்போதைய பிரவுசர்கள் பலவற்றில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால் பிரவுசர் கணினியின் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் தனக்கென்று ஒரு வழியில் கேட்டுக்கொள்ளும். கணினியின் டிஎன்எஸ் உண்மையிலேயே செத்துப்போயிருந்தாலும் பிரவுசர் ஜாலியாக ஓடும். அந்த நிலையில் ஐகான் பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்கிறது. பிரவுசர்தான் நம்மை ஏமாற்றுகிறது. என்எஸ்லுக்அப்பில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் விடை வரவில்லை என்றால் நீங்கள் இந்த வகை. டிஎன்எஸ் எண்ணைச் சரிசெய்தால் ஐகான், அவுட்லுக் எல்லாம் சேர்ந்தே எழுந்துவிடும்.

கர்ல் கட்டளைக்கு 22 எழுத்துக்குப் பதிலாகக் குறிகளும் கோணல்களுமாக ஒரு நீண்ட எச்டிஎம்எல் பக்கம் வந்து விழுந்தால், நடுவில் யாரோ லாகின் பக்கத்தை நீட்டுகிறார்கள், அல்லது ஒரு ப்ராக்ஸி பிழைப் பக்கத்தைத் தருகிறது. பக்கத்தைப் பொறுமையாகப் படித்தாலே யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒன்றுமே வராமல் அப்படியே தொங்கினால் ஃபயர்வால், அதாவது போக்குவரத்தை மறிக்கும் காவல்காரர். எச்டிடிபி என்பதால் இந்தப் பரீட்சை 80ஆம் போர்ட் (எண் போட்ட ஒரு வாசல்) வழியாகப் போகிறது. மற்ற தளங்கள் ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ்ஸின் 443ஆம் போர்ட்டுக்கு மாறிவிட்டதால் 80 அடைபட்டிருந்தாலும் உலாவும்போது நமக்கு உறைக்காது. ஆன்டிவைரஸோடு வரும் ஃபயர்வாலைச் சில நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் கேட்டுப் பாருங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

குழப்பமான நிலை, 22 எழுத்தும் அழகாக வந்து விழுந்தும் ஐகான் மாறாமல் நிற்பது. நீங்கள் கேட்டால் கிடைக்கிறது, விண்டோஸ் கேட்டால் கிடைக்கவில்லை. சில சமயம் வெறும் பழைய நினைவுதான்: ஏரோபிளேன் மோடை ஒரு தடவை போட்டு எடுத்தால் பரீட்சை மறுபடி நடக்கும், சரியாகிவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் நான் மூன்று இடத்தைப் பார்ப்பேன்.

ஒன்று, ப்ராக்ஸி. விண்டோஸின் உள்சேவைகளுக்கென்று வின்எச்டிடிபி என்ற தனி ப்ராக்ஸி அமைப்பு உண்டு. செட்டிங்ஸில் பார்க்கும் ப்ராக்ஸி பக்கத்தில் அது தெரியாது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி என்று கேட்டால் காட்டும். வீட்டுக் கணினியில் ‘நேரடி அணுகல், ப்ராக்ஸி இல்லை’ என்று வர வேண்டும். எப்போதோ நிறுவி நீக்கிய ஏதோ ஒன்றின் முகவரி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், ஷோ என்ற இடத்தில் ரீசெட் என்று போட்டுத் துடைத்துவிடலாம். அலுவலகக் கணினி என்றால் கைவைக்காமல் ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

இரண்டு, விபிஎன். நம் போக்குவரத்தை ஒரு ரகசியச் சுரங்கம் வழியாக வேறொரு சர்வருக்கு அனுப்பும் வசதி இது. விபிஎன் இணைந்ததும் வெளியே போகிற வழி, டிஎன்எஸ் இரண்டையும் அது தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். சுரங்கத்துக்கு வெளியே எதுவும் போகக் கூடாது என்று பூட்டுகிற ‘கில் ஸ்விட்ச்’ இருந்தால், வைஃபை வழியாக நேரடியாக நடக்கும் பரீட்சைக்கு விடை கிடைக்காமல் போகலாம். விபிஎன்னை அணைத்தால் ஐகான் திரும்புகிறதா என்று பாருங்கள். சில விபிஎன்கள் நீக்கிய பிறகும் தங்கள் அடாப்டரை விட்டுவிட்டுப் போகும். நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் பெயர் தெரியாத அடாப்டர் இருந்தால் டிசேபிள் செய்து பாருங்கள். இந்த விஷயத்தில் பிழை மைக்ரோசாஃப்டின் பக்கமே இருந்ததும் உண்டு. 2020இல் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, ப்ராக்ஸி போட்ட கணினிகள், அதிலும் குறிப்பாக விபிஎன்னோடு சேர்ந்து போட்டவை, இணையம் இல்லை என்று காட்டத் தொடங்கின. உலகமே வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். வழக்கமான தேதிக்குக் காத்திருக்காமல் மார்ச் 30 அன்று தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அதனால் அப்டேட் ஒன்று வந்த மறுநாளே இந்தச் சிக்கல் தொடங்கியிருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

மூன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து பாருங்கள். எச்கேஎல்எம் கிளையில் சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், என்எல்ஏஎஸ்விசி, பாராமீட்டர்ஸ், இன்டர்நெட் என்று இறங்கிப் போனால் எனேபிள்ஆக்டிவ்ப்ரோபிங் என்ற மதிப்பு இருக்கும். அது 1 ஆக இருக்க வேண்டும். 0 என்றால் யாரோ பரீட்சையையே ரத்து செய்துவிட்டார்கள். மேலே சொன்ன பிரைவசி டூல்கள் இதையும் செய்வதுண்டு. 1 ஆக்கி மறுதொடக்கம் செய்யுங்கள்.

இந்த மதிப்பை 0 ஆக்குவதையே தீர்வாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். பரீட்சையை நிறுத்தினால் விண்டோஸ் போக்குவரத்தைப் பார்த்துத் தோராயமாக ஊகிக்கும். சிலருக்கு உருண்டை மறையும், சிலருக்கு இன்னும் மோசமாகும். விடுதி வைஃபையில் லாகின் பக்கம் தானாக வராமல் போய், ‘இணையம் இருக்கிறது என்கிறது, ஒன்றும் திறக்கவில்லை’ என்று இதற்கு நேர் எதிரான கேள்வியோடு வருவீர்கள். அதேபோல ஐபிவி6ஐ அணைக்கச் சொல்லும் ஆலோசனையும் எங்கும் காணக் கிடைக்கும். ஐபிவி4, ஐபிவி6 என்ற பழைய, புதிய முகவரி முறைகள் இரண்டுக்கும் நிலை தனித்தனியாகத்தான் கணக்கிடப்படுகிறது. ஒன்றில் இணையம் கிடைத்தாலே போதும். ஐபிவி6 வரியில் ‘அணுகல் இல்லை’ என்று இருப்பது அந்த வசதி இல்லாத இணைப்பில் சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து எதையும் அணைக்க வேண்டாம்.

கணினி சொல்வது நிஜமாகவே சரியாக இருக்கும் நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஐபிகான்ஃபிக் கட்டளையில் உங்கள் எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை. அப்போதுதான் ரவுட்டரை அணைத்துப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

லினக்ஸில் வைஃபை ஐகானில் கேள்விக்குறி விழுந்தால் அதுவும் இதே நோய்தான். அங்கே இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் பரீட்சை வைக்கிறது. என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக் என்ற கட்டளை விடையை உடனே சொல்லும்: ‘ஃபுல்’ என்றால் நலம், ‘போர்ட்டல்’ என்றால் லாகின் பக்கம் காத்திருக்கிறது, ‘லிமிடெட்’ என்றால் மேலே சொன்ன டிஎன்எஸ், ஃபயர்வால் கதைகள்.

செட்டிங்ஸில் உள்ள ‘நெட்வொர்க் ரீசெட்’ பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். எல்லா அடாப்டரையும் பிடுங்கி மறுபடி நடும். வைஃபை கடவுச்சொற்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விபிஎன்னைத் திரும்ப நிறுவ வேண்டி வரலாம். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருக்கும் வரியை அது தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தனையும் பார்த்துத் தீரவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். கர்ல் கட்டளைக்கு வந்த விடை அப்படியே, ஹாட்ஸ்பாட்டில் ஐகான் மாறியதா இல்லையா, வின்எச்டிடிபி ப்ராக்ஸி என்ன காட்டுகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். ரவுட்டரின் மாடல் எண் வேண்டாம்.